எனக்கென்று சொன்ன வீடு

ஓசூரில் பிரேக் தயாரிக்கும் கம்பெனி ஒன்று என்னைப் பாரிஸ் டிசைன் ஆபீஸுக்கு ஐந்து வருடத்துக்கு அனுப்பியது. மற்றவர்கள் சம்பளத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்கு அது ஒரு சாக்கு. ஓவியர்கள் கூட்டமாகக் குடியிருந்த குன்று ஒன்று அங்கே உண்டு என்று படித்திருந்தேன். அதற்காகத்தான் கிளம்பினேன்.

எங்கள் ஊரில் பேச்செல்லாம் எந்த ஷிப்ட், கம்பெனி பஸ் எப்போது வரும், சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறதா என்பதுதான். படம் வரைந்தே பிழைத்தவர்கள் தெரு நிறைய இருந்தார்கள் என்பது எனக்கு நம்ப முடியாத சேதி. வந்து பார்த்தால், அந்தக் குன்றில் இப்போது ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மை விற்கிறார்கள். சதுக்கத்தில் வரைகிறவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மூக்கைப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஏறினேன். நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன காலத்துக்கு ஏங்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். அசட்டுத்தனம்தான், தெரியும்.

அப்படித்தான் அந்த வீடு கண்ணில் பட்டது. மாடியில் இரண்டு அறை, வடக்கே ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். அடுத்தடுத்து ஏழு ஓவியர்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். தரையில் அவர்கள் சிந்திய வர்ணம் இன்னும் இருந்தது. வீட்டுக்காரம்மா பிரெஞ்சுக்காரர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கீழே குடியிருந்தார். அக்கா என்று கூப்பிட்டேன், அர்த்தம் சொல்லிக் கொடுத்ததும் அவரும் ஆசையாகத் தம்பி என்றார். ஒருநாள் அந்த ஜன்னலருகே நின்று, "இப்போது இருப்பவர் காலி செய்ததும் இந்த வீடு உனக்குத்தான்" என்றார்.

எங்கள் பக்கம் வீட்டுக்காரர் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பத்திரமெல்லாம் பிறகு. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டால் வீடு நம்முடையது. பழைய ஆள் போன மறுவாரம் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டைப் பெருக்கித் தருகிறேன் என்று சாவி வாங்கிக்கொண்டு போய் அங்கிருந்த அடுப்பில் பால் வைத்தேன். பொங்குகிற நேரத்தில் அக்கா உள்ளே வந்தார். ஐயையோ என்பதுபோல ஓடிவந்து அடுப்பை அணைத்தார். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன், அவர் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இது எங்கள் ஊர் வழக்கம் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்றைக்கே மனைவிக்குப் போன் செய்தேன். அவள் ஓசூரில் மகளோடு இருந்தாள். மகளுக்கு ஆறாம் வகுப்பு. பாரிஸில் நான் இருந்த ஒற்றை அறையில் மூன்று பேர் இருக்க முடியாது என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டோம். பத்தே நாளில் பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டாள். தளியில் அவள் அம்மா வீட்டில் வழியனுப்பு விருந்தே வைத்துவிட்டார்கள்.

இதற்கிடையே அக்கா, வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் நன்றாக எழுதிக் கொடு என்று கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எழுதத் துடித்தவன் ஆயிற்றே. நூலகத்தில் உட்கார்ந்து தேடி, இரண்டு பக்கம் உருகி உருகி எழுதினேன்.

அடுத்த வாரம் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு படத்தைக் காட்டினார். சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் ஆப். அந்த ஜன்னல், அந்தத் தரை, கீழே என் இரண்டு பக்கமும் ஒரு எழுத்து மாறாமல். மதியமே குன்றேறிப் போய்க் கதவைத் தட்டினேன். உங்களை அக்கா என்று கூப்பிட்டேனே, எனக்கென்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

"எப்போதும் ஓவியர்களைப் பற்றியே பேசுகிறாயே, நீயும் வந்து வரைவாய், ஞாயிற்றுக்கிழமைகளில் தரலாம் என்று நினைத்தேன்" என்றார். "ஆனால் நீ எழுதியது அவ்வளவு அழகாக இருந்தது. போட்ட மூன்றாம் நாளே ஆள் வந்துவிட்டார்கள்."

துரோகம் என்பதற்கு எனக்குத் தமிழில்தான் வார்த்தை வந்தது. அதை அவரிடம் சொல்லி என்ன பயன்? இறங்கி வந்துவிட்டேன். இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை.

தெருமுனையிலிருந்தே மனைவியை அழைத்தேன். அந்தம்மா கழுத்தறுத்துவிட்டாள் என்று கத்தினேன். வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினாள், என் எழுத்தை வைத்தே என்னைத் துரத்தினாள் என்றெல்லாம் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். டி.சி.யைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பிரின்சிபாலிடம் கெஞ்சப்போவது அவள்தான்.

"ஓவியருங்க இருந்த வீடு, ஓவியருங்க இருந்த வீடுன்னு நூறு தடவ சொன்னீங்க," என்றாள். "பொண்டாட்டி, புள்ள வந்து இருக்கப்போறாங்கன்னு அந்தம்மாகிட்ட ஒரு தடவ சொன்னீங்களா?"

அந்த இரண்டு பக்கத்தில் செத்துப்போன ஏழு பேரைப் பற்றியும் எழுதியிருந்தேன். எனக்கு ஒரு குடும்பம் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது.