பிராக்லி வீட்டு மாட்டுக் காது

லியோனா பிராக்லி மார்ச் மாதம் இறந்துபோனார். மெஹிட்டபெல் லோரிங் வாரிசுகள் சங்கத்தின் ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக நான் கனிந்துவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பிறந்தது ஆல்டர்ஃபோர்டில், ஆப்பிள் தோட்டத்து வீட்டில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருட வேலை. முந்நூறு வருடத்துக்கு முந்தைய கோணல் எழுத்தை நாம் பால்காரர் சீட்டைப் படிப்பதுபோல் படித்துவிடுவார். சனிக்கிழமை தேவாலயத்தில் நடக்கும் பீன்ஸ் விருந்துக்கு ரை மாவு ரொட்டி செய்துகொண்டு வருவார். மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக நறுக்கியிருப்பார். இரண்டாவது துண்டை எடுத்தவரை அவர் பார்க்கும் பார்வையில் ரொட்டி தொண்டையில் நின்றுகொள்ளும்.

எங்கள் மாசசூசெட்ஸில் 1692இன் சூனிய வழக்குகள் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆல்டர்ஃபோர்டின் பங்குக்கு மெஹிட்டபெல் லோரிங் என்ற விதவையைச் சூனியக்காரி என்று தூக்கில் போட்டோம். அவளுக்கு எதிரான சாட்சியங்களில் ஒரே ஒரு தாள்தான் மிஞ்சியது. "என் பசுவின் காதைத் தொட்டாள், மறுநாள் மடியில் இரத்தம் வந்தது" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அவன் பெயர் இருந்த இடத்தை எலி தின்றுவிட்டது. கீழே சில கீறல்கள் மட்டும் இருக்கின்றன, கையெழுத்துப் போடத் தெரியாதவனின் குறி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஊர் வரலாறு எழுதிய ஒரு போதகர், லோரிங் நிலத்துக்குப் பக்கத்து நிலம் ஸ்டோவருடையது, ஆகவே சாட்சி சொன்னவன் ஸ்டோவர்தான் என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான் ஆதாரம்.

நான் கோரின் ஸ்டோவர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். நான் படித்த காலத்தில் மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளை பால் டப்பாவைக் கையால் மூடிக்கொள்ளும். "ஸ்டோவர் பாத்தா திரிஞ்சிடும்டி" என்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

ஒவ்வொரு ஜூலையிலும் மெஹிட்டபெல் தூக்கிலிடப்பட்ட நாளில் அவள் வாரிசுகள் தங்கள் வயலின் கல்சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து அவள் நினைவிடத்தில் வைப்பார்கள். அதற்கு, சங்கத்தை நடத்திவந்த லியோனா ஒரு விதி போட்டிருந்தார்: சாட்சி சொன்னவனின் குடும்பப் பெயர் உள்ளவர்கள் கல் வைக்கக் கூடாது. என் அப்பா மெர்ரில், தன் அம்மா வழியில் மெஹிட்டபெலின் நேர் வாரிசு. ஆனால் பெயர் ஸ்டோவர். 1983இல் கல் வைக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். குறுக்கே சிவப்புப் பென்சில் கோட்டோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஜூலைதோறும் சாலைக்கு அந்தப் பக்கம், நிழலே இல்லாத இடத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டு வருவார். போகாதீர்கள் என்றால் கேட்கமாட்டார்.

போன வருடம் அவருக்கு எண்பத்தாறு. "ஒரே ஒரு தடவை கல்லு வெச்சுட்டேன்னா போதும்மா" என்றார். அதுவரை எதையும் கேட்காத மனிதர். நவம்பரில் நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கும் பழைய ஆவண அறைக்குப் போனேன். லியோனாவின் ராஜ்ஜியம் அது.

"மிஸ் பிராக்லி, பழைய காதுவெட்டுப் பதிவேடு பாக்கணும்."

அந்தக் காலத்தில் ஊர் மாடுகளெல்லாம் பொதுப் புல்வெளியில் ஒன்றாக மேயும். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காதுவெட்டு உண்டு. ஊர் எழுத்தர் அதைப் படம் போட்டுப் பதிந்துவைப்பார். எழுதத் தெரியாதவர்கள் பலர் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் காதுவெட்டையே வரைந்துவிடுவார்கள். இதை எனக்குச் சொன்னவர் அப்பாதான். அவர் மாடு வளர்த்தவர்.

லியோனா தலையைத் தூக்கவில்லை. "பைண்டிங்குக்குப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும். பஸ் ஓட்டறவளுக்கு அது எதுக்கு?"

"எங்க வெட்டும் அந்தச் சாட்சித் தாள்ல இருக்கற குறியும் ஒண்ணுதானான்னு பாக்கணும்."

"போதகர் எழுதினதே போதும்."

"போதகர் என்ன நேர்ல பாத்தாரா? நீங்க பாத்தீங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "கதவைச் சாத்திட்டுப் போ. சூடு வெளிய போகுது."

சாத்தினேன். கண்ணாடி அதிரும்படி சாத்தினேன்.

ஜனவரியில் அவரே ஆள் விட்டு அழைத்தார். அறைக்குப் போனபோது மேசைமேல் பதிவேடு இருந்தது. அது எந்த பைண்டிங்குக்கும் போயிருக்கவில்லை. பக்கத்தில் சாட்சித் தாளின் நகல். அதன்மேல் போட்டுப் பார்க்க பதிவேட்டிலிருந்து ஒரு மெல்லிய தாளில் நகலெடுத்த காதுப் படம். நுனி வெட்டு, கீழே இரண்டு பிளவு. நகலின்மேல் வைத்தார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. பதிவேட்டில் அந்தப் படத்துக்கு நேரே இருந்த பெயரைப் படித்தேன். ஜேபஸ் பிராக்லி.

மெல்லிய தாளின் மூலையில் அவருடைய கையால் எழுதிய தேதி இருந்தது. அக்டோபர் 1981.

"எண்பத்தொண்ணு," என்றேன். "எங்கப்பாவோட விண்ணப்பம் எண்பத்திமூணு."

"எனக்குக் கணக்குத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் சிவப்புக் கோடு போட்டீங்களா?"

"ஆமா. விதி நான் போட்டது. உண்மையச் சொல்லியிருந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நான் நின்னிருக்கணும். என்னால முடியல."

நான் அந்த அறையில் என்னென்ன சொன்னேன் என்று மலரில் அச்சிட முடியாது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார், அதுவும் பதிவேட்டின் மேலிருந்து கையை எடு, கை ஈரம் படும் என்று சொல்ல.

"இப்ப மட்டும் எதுக்குக் காட்டறீங்க?"

"கண்ணு போயிட்டிருக்கு, இந்த அறையை இனிமே என்னால பாத்துக்க முடியாது. அடுத்து வர்றவங்க ஒரு நாள் இதைக் கண்டுபிடிப்பாங்க. பிராக்லி ஒருத்தி ஆவணத்தை ஒளிச்சான்னு அவங்க எழுதறதைவிட, நானே எடுத்துக் குடுத்தேன்னு இருக்கட்டும். மன்னிப்புக் கேக்கறதுக்குக் கூப்பிடல. அது எனக்கு வராது."

"வந்தாலும் நான் தரமாட்டேன்."

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். நான் போனப்பறம் என்னைப் பத்தி நீ எழுது. மத்தவங்க என்மேல சர்க்கரை தூவிடுவாங்க. சங்கத்துக்குக் கடிதம் போட்டுட்டேன், நீ எழுதறதுல ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு."

அந்த அம்மாளின் திமிர் அது. சாகும்போதுகூட ஆவணம் ஒழுங்காக இருக்க வேண்டும், அதற்கு என் கோபமும் பயன்பட வேண்டும். நாற்பது வருடம் ஒரு நல்ல மனிதரை வெயிலில் நிறுத்திவிட்டு, கடைசியில் உண்மையைச் சொன்னவள் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு போக நினைத்தார். அதை நான் கொடுக்கமாட்டேன். கண் தெரியும்வரை மறைத்தார். கண் மங்கிய பிறகு காட்டினார். இதுதான் லியோனா பிராக்லி.

விதியை எடுத்துவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் தாராளம் என்று கேட்டேன். விதி அப்படியே நின்றது.

இந்த ஜூலையில் சாட்சியின் பெயரை ஜேபஸ் பிராக்லி என்று உரக்கப் படித்தார்கள். கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா எங்கள் சுவரிலிருந்து பெயர்த்த கல்லோடு வந்தார். அதை நான் தூக்கித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. குனிந்து வைத்தார், அது உருண்டது, மறுபடி வைத்தார். நான் அழுதேன்.

பிறகு அவர் என் பக்கம் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு சாலையைக் கடக்கத் தொடங்கினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்கேப்பா போறீங்க? இனிமே உங்க இடம் இதுதானே."

"விதிப்படி அங்க இப்ப ஒரு பிராக்லி நிக்கணும்மா. அந்த வீட்ல ஆளே இல்ல."

"உங்களை நாப்பது வருஷம் நிக்க வெச்சவங்கப்பா அவங்க."

"தெரியும்," என்றார். "அங்க எவ்வளவு வெயில்னு எனக்கில்லாம வேற யாருக்குத் தெரியும்?"

கையை விடுவித்துக்கொண்டு போய், வழக்கமான இடத்தில் நின்றார். வண்டியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பிடித்தேன். அப்பாவுக்காக மட்டும்தான்.