கேட்டதை மறக்காத பெர்னபே

நாடகத்துக்குப் போகிற நாளில் பெர்னபே காலையிலிருந்தே வாய் திறப்பதில்லை. மனைவி காசில்தா ரொட்டியும் வெங்காயமும் வைத்தால் தலையாட்டுவதோடு சரி. "பேசினா உள்ள இருக்கிறது கலைஞ்சிடும்டி" என்பது அவன் கட்சி. "ஆமா, பெரிய பொக்கிஷம்!" என்பாள் அவள்.

பொக்கிஷம்தான். ஆனால் ஊரான் சொத்து. மத்ரீத் நகரத்து நாடக முற்றத்தில் புது நாடகம் வந்தால் கூட்டத்தோடு நின்று இரண்டு தரம் கேட்பான். வீடு திரும்பி, காசு கொடுப்பவன் எழுதிக்கொள்ள, முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒப்பிப்பான். தொலேதோ ஊரில் வேறொரு குழு அதை அப்படியே மேடையேற்றிவிடும். எழுதிய புலவனுக்கு வயிறு எரிவதைத் தவிர வேறு வழியில்லை.

திருடனுக்குத் துணிச்சல் வேண்டும். இவனுக்கு அது துளியும் கிடையாது. போன கோடையில் இதே தொழில் செய்த ஒருவனை வாயதோலித் ஊர் ஜனங்கள் மிதித்த மிதியில் அவன் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அதிலிருந்து பெர்னபே தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்புத் தைக்கும் தொரிபியோவின் அகன்ற முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறான். தொரிபியோ சீழ்க்கை அடித்தால் தரையில் நின்று பார்க்கும் கூட்டம் மொத்தமும் அடிக்கும். நாடகம் அன்றோடு செத்தது.

இன்று தொரிபியோ மேடைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"என்ன அண்ணே, திரும்பி நிக்கிறீங்க?" நாடக நாளில் பேசாதவன் பயத்தில் பேசிவிட்டான்.

"நான் நேத்தே பாத்துட்டேன் தம்பி. நீயும் வந்திருந்தே போல?"

"நல்லா இருந்துது... அதான் மறுபடி..."

"பாரு, பாரு. நல்லாப் பாரு."

பெர்னபே தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான். போய்விடலாமா? பாதியில் போனால் சந்தேகம் வலுக்கும். மாதாவே என்று நின்றான். மேடையில் நாயகனாக நடித்த ரொபிளேதோ வாளை உருவினான். "என் வாளுக்குத் தூக்கமில்லை, உன் வீட்டுக்குக் கதவில்லை!" கூட்டம் ஆரவாரித்தது. யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பெர்னபேவுக்கு உறைத்தது. நேற்றைய வரியில் கதவே வரவில்லை. 'உன் வாசலுக்கு விடியலில்லை.' சத்தம் வரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்து திருத்திவிட்டன.

தொரிபியோ அந்த உதடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வரியை மாத்திச் சொல்லச் சொன்னதே நாங்கதான் தம்பி" என்றான் குழைவாக. "சரியான வரி என்னவோ சொன்னியே, கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பெர்னபே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.