வாப்பாவின் இரண்டு பதக்கங்கள்

எங்கள் தெருவில் என் வாப்பாவுக்குப் பெயர் புடவைக்கடை மாப்பிள்ளை. அவர் வாழ்நாளில் ஒரு நாள்கூடப் புடவைக்கடையில் வேலை செய்ததில்லை. அரசாங்கப் பட்டாளத்தில் இருந்தார்.

யுத்த காலத்தில் கல்முனையில் அதை வெளியே சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. பட்டாளத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களின் காதுக்குப் போனால் வீட்டோடு போயிருப்போம். அதனால் உம்மா எனக்கு ஓதப் பழக்கிய வயதிலேயே இன்னொன்றையும் பாடமாக்கினார். "வாப்பா எங்க?" என்று யார் கேட்டாலும், "கொழும்பில, புடவைக்கடையில." நான் யோசித்து நின்றால் தொடையில் ஒரு கிள்ளு விழும். யோசிக்காமல் சொல்லப் பழகிவிட்டேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற வாப்பா லீவில் வரும்போதெல்லாம் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கித் துணி வாங்கிக்கொண்டுதான் வருவார். அது வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதையாகிவிட்டது. பெருநாள் நெருங்கினால் தெருப் பெண்கள் எல்லோரும் அவரிடம் துணிக்குச் சொல்லிவிடத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒருமுறை சாயம் போன துணியைத் திருப்பிக் கொண்டுவந்து, "கடையில நிக்கிற மனிசனுக்குத் துணி பாக்கத் தெரியாதா?" என்று வாசலில் நின்று சண்டை பிடித்தார். வாப்பா மன்னிப்புக் கேட்டு வேறு துணி கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு எந்தத் துணியையும் விரலால் கசக்கிப் பார்த்துத்தான் வாங்கினார்.

வடக்கில் குண்டுச் சிதறல் பட்டுக் காலை இழுத்துக்கொண்டு வந்தபோது, துணிக்கட்டு சரிந்து விழுந்துவிட்டது என்று உம்மா ஊருக்குச் சொன்னார். தெருவே வந்து பார்த்தது. துணி விழுந்து முடமான ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒரு சாச்சா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவும் சிரித்தார். சிதறல் பட்ட அதே காலோடு இன்னொரு சிப்பாயைத் தோளில் தூக்கி வந்த மனிதர் அவர். காயத்துக்கு ஒன்று, தூக்கி வந்ததற்கு ஒன்று என்று இரண்டு பதக்கத்துக்கு மேலதிகாரிகள் அவரைத் தெரிவு செய்ததும் உம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

யுத்தம் முடிந்து, பென்ஷனும் வரத் தொடங்கியபின் உண்மை மெல்ல வெளியே வந்தது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பட்டப்பெயரும் மாறவில்லை.

தேவாலயங்களில் குண்டு வெடித்தபின் முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்த அந்த வருடம்தான் எல்லாம் தொடங்கியது. அப்போது உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து சில காலம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த இளம் சிப்பாய் ஒருவன் பெட்டகத்தைத் திறந்து பழைய பட்டாளச் சப்பாத்தை எடுத்து, இது யாருடையது என்று கேட்டான். வாப்பா நிமிர்ந்து நின்று சுத்தமான சிங்களத்தில் தன் படை இலக்கத்தைச் சொன்னார். சேவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தனக்கு இரண்டு பதக்கம் இருக்கிறது என்றும் சொன்னார். பையன் பதக்கப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அது வெறுமையாக இருந்தது. "இதில ஒண்டுமில்லையே, மாமா" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். கெட்ட பையனில்லை, போகும்போது சப்பாத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். ஆனால் வேலிக்கு மேலால் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று வாப்பா சோறு தின்னவில்லை. பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"மெடல் லிஸ்டில எண்ட பேரு விட்டுப் போச்சி புள்ள. அந்தப் பக்கத்த நிரப்பித் தா. எனக்கு வேற ஒண்டும் வேணா."

நான் எழுதாத கடிதமில்லை, ஏறாத கந்தோர் இல்லை. கிராம சேவகர், பிரதேச செயலகம், சமாதான நீதவான், கொழும்பு. போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். எப்போதாவது வந்த பதிலிலும், பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை என்றுதான் இருந்தது. சோனகன் பெயர், முஸ்லிம் பெயர் என்றுதான் விட்டிருக்கிறார்கள் என்று நான் வீட்டுக்குள் கத்தினேன். கந்தோர்களிலும் கத்தினேன். "கொஞ்சம் மெதுவாக் கதையுங்க" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார். மெதுவாகக் கதைத்து இந்த நாட்டில் யாருக்கு என்ன கிடைத்திருக்கிறது?

அதற்குள் வாப்பாவின் நினைவு தேயத் தொடங்கிவிட்டது. முதலில் சாவியை மறந்தார். பிறகு பள்ளிவாசலுக்குப் போகும் வழியை மறந்தார். இனி இது கூடத்தான் செய்யும், குறையாது என்று டொக்டர் சொன்னார். அந்த இரண்டு பதக்கத்துக்கும் மிச்சமிருந்த ஒரே சாட்சி வாப்பாவின் ஞாபகம்தான், அதுவும் என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது. தொழுது கையேந்தினால் எனக்கு வேறு துஆ வரவில்லை. "யா அல்லாஹ், அந்தக் கடிதம் வரும்வரைக்காவது விட்டு வை" என்று அழுதேன்.

கடைசியில் வாப்பாவே, ஞாபகம் தெளிந்திருந்த ஒரு நாளில், வழி காட்டினார். அவருடைய முகாமில் பட்டியல் தட்டச்சு செய்த கிளாக்கர் ஓய்வுபெற்று அம்பாறைப் பக்கம் இருக்கிறார் என்றார். நானும் என் வீட்டுக்காரரும் மோட்டார் சைக்கிளில் நாவிதன்வெளி வயல்களைக் கடந்து தேடிப் போனோம். சண்டை போடும் நோக்கத்தோடுதான் போனேன். முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த கிழவர் வாப்பாவின் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார்.

"விட்டது நான்தான் மகள்" என்றார் உடைந்த தமிழில். "அவர்தான் கேட்டது. லிஸ்ட் பத்திரிகைக்குப் போகும், பேர் வந்தா எண்ட பொஞ்சாதி புள்ளய ஊர்ல சுட்டுப்போடுவாங்க சேர், வெட்டுங்க எண்டு கையப் புடிச்சி அழுதார். நான் வெட்டினேன். சண்டை முடிஞ்சா சேர்க்கலாம் எண்டு சொன்னேன். பிறகு எனக்கு மாற்றம் வந்தது. மறந்துட்டேன்."

எத்தனை கந்தோரில் எத்தனை பேரை ஏசியிருப்பேன். பெயரை யாரும் மறைக்கவில்லை. வாப்பாதான் மறைத்தார், எனக்காக. அந்த முற்றத்தில் நான் விம்மி அழுதேன், கிழவரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

கிழவர் அதையே எழுதிச் சத்தியக் கடதாசி கொடுத்தார். அதை அனுப்பியதும் கொழும்பிலிருந்து உடனே பதில் வந்தது. அம்பாறையில் பட்டாளத்தின் நடமாடும் சேவை நடக்கிறது, விண்ணப்பதாரர் நேரில் வந்து, பெயரைத் தானே நீக்கச் சொன்னதாக வாயால் உறுதிப்படுத்தினால் போதும். ஒரு வாக்கியம். இரவும் பகலும் அதை வாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு உம்மா சொல்லிக்கொடுத்ததைப் போல. சில நாள் சரியாகச் சொன்னார். சில நாள் என்னை யார் என்று கேட்டார்.

அம்பாறைக்குப் போன அன்று வெள்ளைச் சட்டை போட்டுத் தொப்பி வைத்து வாப்பாவைக் கூட்டிப் போனேன். வழி முழுக்க நன்றாகத்தான் இருந்தார். அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். வாப்பாவுக்குச் சிங்களம் விளங்கவில்லை. எங்கள் தெருவிலேயே அதை நன்றாகப் பேசிய மனிதர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க பட்டாளத்தில இருந்தீங்களா எண்டு கேக்கிறார் வாப்பா."

வாப்பாவின் முகம் வெளிறியது. வாசலைப் பார்த்தார். அங்கே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் காவல் நின்றான்.

"ஆர் சொன்ன?" என்றார். "நான் கொழும்பில, புடவைக்கடையில."

"வாப்பா, பயப்படாதீங்க. சண்டையெல்லாம் முடிஞ்சிட்டு. அந்த மெடல்..."

"எனக்கு ஒண்டும் தெரியா சேர். நான் துணி விக்கிறவன். வேணுமெண்டா எண்ட புள்ளைட்டக் கேளுங்க." மேசைக்குக் கீழே அவருடைய கை என் தொடையைத் தேடி வந்து கிள்ளியது. விரலில் பலமே இல்லை. "சொல்லு புள்ள. சொல்லு."

அதிகாரி என்னைப் பார்த்தார். தமிழ் அவருக்குக் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும். பேனா கையில் தயாராக இருந்தது. இன்னொரு நாள் வரலாம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஓம், இவர் சிப்பாய்தான், பயத்தில் சொல்கிறார் என்று கெஞ்சவும் வாய் வரை வந்தது. அந்தப் பக்கத்தை நிரப்பத்தான் இவ்வளவு நாள் நாய் படாத பாடு பட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்த மனிதருக்குச் சண்டை முடியவில்லை. அவருடைய பொஞ்சாதியும் பிள்ளையும் இன்னும் ஊரில் ஆபத்தில் இருந்தார்கள்.

"ஓம் சேர்" என்றேன். "வாப்பா கொழும்பில, புடவைக்கடையில."

தொடையில் இருந்த கை தளர்ந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எதுவும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார். நாங்கள் வெளியே வரும்போது எழுந்து வாப்பாவுக்குச் சல்யூட் அடித்தார். வாப்பா அதைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் காதுக்குக் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்.

"நம்பிட்டானா?"

"நம்பிட்டாங்க வாப்பா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டார். பிறகு என் முந்தானைத் துணியை விரலால் கசக்கிப் பார்த்து, இது சாயம் போகாது, நல்ல துணி என்றார்.