ஸ்டமாட்டிஸின் முன்பல்

கிரீஸின் வோலோஸ் துறைமுகத்தில் என்னோடு மீன் பெட்டி இறக்குகிற ஸ்டமாட்டிஸுக்கு வாயைவிடக் கை முந்தும். எடை போடுகிறவனின் விரலை முறுக்கியிருக்கிறான். லாரிக்காரன் ஒருவனை ஐஸ் தொட்டியில் அமுக்கியிருக்கிறான். அதனால் மகள் ஃபோட்டினி கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். “அப்பா, எங்கயாவது அடிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா, கோயிலுக்குள்ள என்னை உங்களுக்குப் பதிலா அர்கிரிஸ் மாமாதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு.”

அவளுக்காகப் பல்லைக்கூட வெளுக்க வைத்துக்கொண்டான். அந்த வாரமே சாராயக் கடையில் மச்சினன் அர்கிரிஸ், “என்ன மச்சான், கழுதைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சா?” என்றான். ஸ்டமாட்டிஸ் தலையால் முட்டினான். அர்கிரிஸ் குடுவையால் திருப்பி அடித்தான். முன்பல்லில் பாதி உடைந்து மேசையில் விழுந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஃபோட்டினி கண்ணில் படுவதற்குள் அவனைப் பல் டாக்டர் எவ்தோக்கியாவிடம் இழுத்துப்போனேன்.

“வெளுக்கிற மருந்தோட ஆக்சிஜன் இன்னும் பல்லுக்குள்ள நிக்குது. இப்ப ஒட்டினா பிசின் பிடிக்காது, ரொட்டி கடிச்சாலே வந்துரும். ரெண்டு வாரம் பொறுங்க.”

“நாளைக்குக் கல்யாணம் டாக்டர்.”

“அப்போ வைட்டமின் சி கூழ் தடவி அதை முறிச்சுப் பாக்கலாம். பத்து நிமிஷம். வாயை மூடினீங்க, போச்சு.”

ரப்பர் வளையத்தால் வாயை விரித்துத் தடவினார். பாதியில் கதவைத் தள்ளிக்கொண்டு அர்கிரிஸ் வந்து நின்றான்.

“புதுக் கோட்டு வாங்கிட்டேன் மச்சான். நாளைக்கு உன் பொண்ணு கை என் கையில. நீ வாசல்ல நின்னு அரிசி தூவு.”

ஸ்டமாட்டிஸ் எழுந்தான். இடுப்பைப் பிடித்த என்னையும் இழுத்துக்கொண்டே போனான். திறந்த வாய் திறந்தபடி, சத்தமே இல்லாமல், மச்சினன் தாடையில் குத்து மேல் குத்து. கருவித் தட்டு பறந்தது. அர்கிரிஸ் கண்ணாடி அலமாரியோடு சரிந்தான். இவன் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

டாக்டர் விளக்கைத் திருப்பினார். “கூழ் கலையல” என்றார். நேரம் ஆனதும் கழுவி, உலர்த்தி, பிசினால் பல்லைக் கட்டினார். கல்லாக நின்றது.

ஞாயிறு மாலை கோயில் வாசலில் ஸ்டமாட்டிஸ் முழுப்பல்லும் தெரியச் சிரித்தான். ஃபோட்டினி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அப்போதுதான் தாடை வீங்கி நீலம் பாரித்த அர்கிரிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“யாரு மாமா அடிச்சது?”

அவள் அப்பாவின் கைமுட்டியைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. நீட்டிய கையால் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியாகவே உள்ளே நடந்தாள்.

இரண்டு பேரும் பின்னால் போனார்கள். “பல்லு நல்லாப் பிடிச்சிருக்கு போல” என்றான் அர்கிரிஸ், தாடை அசையாமல்.

கோயிலுக்குள்ளேயே ஸ்டமாட்டிஸ் அவன் விலாவில் முழங்கையை இறக்கினான்.