கையில் திணித்த வேன் சாவி

பெங்களூர் பிரேசர் டவுனில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ரெமிஜியஸுக்கு வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. குறுக்கே வரும் ஆட்டோக்காரனைத் தமிழில் திட்டத் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். பின்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் கதை அளந்துகொண்டிருந்த மனிதர், பாதிப் பேச்சில் விறைத்துக் கீழே விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

வலிப்பு என்றாலே நம் ஜனங்கள் இரும்பைத்தான் தேடுவார்கள். மனைவி பிரிஜெட் அவர் பையிலிருந்த வேன் சாவியையே எடுத்து உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். வலிப்பு தானாக நின்றது. பெயரை என்னவோ சாவி தட்டிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் கன்னடக்கார டாக்டர் மமதா ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

"நோடி, இங்க பாருங்க, இது பழைய தழும்பா இருக்கலாம், பூச்சிக் கட்டியா இருக்கலாம், வேற ஏதாவது வளர ஆரம்பிச்சிருக்கலாம். இப்பவே சொல்ல முடியாது. மாத்திரை சாப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்."

"வண்டி ஓட்டலாமில்ல மேடம்?"

"பேடா. ஓட்டவே கூடாது. அம்மா, நீங்களும் சாவியெல்லாம் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

பிரிஜெட் தலையாட்டினாள். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

பெற்றோர் யாரும் தவறாகப் பேசவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வேறு வேனுக்கு மாறினார்கள். வாசலில் விழாமல் வீட்டில் விழுந்திருந்தால் மறைத்திருக்கலாமே என்று ரெமிஜியஸுக்கு ஒருநாள் தோன்றியது. அடுத்த நொடி, பிள்ளைகளோடு மேம்பாலத்தில் விழுந்திருந்தால் என்று நினைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது ஸ்கேனிலும் புள்ளி அப்படியே இருந்தது. வளரவில்லை, கரையவும் இல்லை. என்னவென்று அப்போதும் யாருக்கும் தெரியவில்லை.

"பூசையில வேண்டிக்கச் சொல்லிக் கருத்து எழுதிக் குடுக்கலாம்னா, என்னா நோவுன்னு எழுதறது?" என்று பிரிஜெட் அழுதாள்.

வேனை அடுத்த தெரு க்ளென்னுக்கு விற்றார்கள். அவன் இன்னொரு சாவியைக் கேட்டபோது, தொலைந்துவிட்டது என்று பிரிஜெட் கூசாமல் பொய் சொன்னாள்.

இப்போதெல்லாம் அவர் குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது. மறைத்து வைத்த அந்தச் சாவியோடு அவள் வெளியே நிற்பாள்.

"உள்ள பேசிக்கிட்டே இருங்க. சத்தம் கேக்கணும்."

பேச அவருக்கு என்ன இருக்கிறது? தெருவில் அவருடைய வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. ஏற்றும் வரிசைப்படி பிள்ளைகளின் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பார். சங்கமித்ரா. சஞ்சய். குளோரியா.

இன்று குளோரியாவோடு சத்தம் நின்றது. பிரிஜெட் பதறிப்போய்க் கதவில் கை வைத்தாள்.

"என்னாங்க! என்னாங்க!"

"இருக்கேன்டி" என்றது உள்ளேயிருந்து குரல். "அழுதுக்கிட்டு இருக்கேன்."