சுண்ணாம்பு ஒட்டிய பந்து

என் மனைவியை டென்னிஸில் ஒரு செட் ஜெயிக்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும். இதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. கடை ஓடுகிறது. பையன் வெளியூரில் படிக்கிறான். சர்க்கரை ஏதோ கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் தென்காசியில் ஒரு பழைய கிளப்பின் செம்மண் கோர்ட்டில், காலை நேரத்தில், தொப்பையும் முட்டிப் பட்டையுமாக நான் அவளிடம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டு அவளோடுதான் வீட்டுக்கு வரவும் வேண்டும். அவள் சுட்ட தோசையைத்தான் தின்னவும் வேண்டும். வேறு யாரிடமாவது தோற்றால் இந்தக் கஷ்டம் கிடையாது.

நான் பம்ப்செட் மோட்டார் விற்கிறவன். நைசாகப் பேச வராது. உடம்பை அசைக்கச் சொன்ன டாக்டரிடம், நடப்பது எனக்குப் பிடிக்காது, எங்கேயும் போய்ச் சேராத நடை என்ன நடை என்று சண்டை போட்டேன். அவர் கடுப்பாகி, எதையாவது விளையாடும் என்றார். கிளப்பில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் ஆள் கிடைக்காமல் சுவரோடு டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். அவரிடம் கற்றுக்கொண்டேன். நான் சுமாராக ஆட ஆரம்பித்த நேரத்தில் அவர் சென்னையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். எனக்குச் சுவர் மிஞ்சியது.

சுவரிடமும் தோற்றேன். சுவர் ஒரு பந்தையும் விடாது. அதனால் பெரிய மனது பண்ணி மனைவிக்கு ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தேன். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறாள், பாவம், நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் கல்லூரியில் பூப்பந்து அணியில் ஆடியவள். பெண் பார்க்கப் போன அன்றே இதைச் சொன்னார்களாம். நான் கேசரி தின்றுகொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. முதல் மாதம் அவளுக்காகச் சில பாயிண்டுகளை விட்டுக்கொடுத்தேன். அடுத்த மாதம் விட்டுக்கொடுப்பதை நிறுத்தினேன். அதற்கடுத்த மாதத்திலிருந்து விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

என் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று கேட்டால் நன்றாக இருக்கும். சத்தம் அப்படி. பந்தைப் பகையாளி மாதிரி அடிப்பேன். அவள் அடிக்கவே மாட்டாள். வைப்பாள். தட்டில் இட்லி வைப்பது போல, நான் இல்லாத இடமாகப் பார்த்து வைப்பாள். நான் ஓடி எடுத்தால் எதிர்ப்பக்கம் வைப்பாள். நான் நாய் மாதிரி ஓடிக்கொண்டிருப்பேன். அவளுக்கு வேர்க்கக்கூட வேர்க்காது.

ஒருநாள் கோபத்தில் மட்டையை வீசினேன். வேலியைத் தாண்டிப் பக்கத்து வாழைத்தோப்பில் போய் விழுந்தது. சுற்றிப் போய்த் தோப்புக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அவர் மட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டே, “இன்னைக்கும் தோத்தாச்சா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, நீங்க கோவமா இருக்கீங்கன்னு பந்துக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

இந்த லட்சணத்தில், தூத்துக்குடியில் இருக்கும் மச்சானிடம் போனில் பேசும்போதெல்லாம் என் வாய் சும்மா இருக்காது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. “உங்க அக்காவுக்கு நான்தான் டென்னிஸ் சொல்லிக் குடுக்கேன்” என்பேன். அது பொய்யில்லை. மிச்சத்தை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் வீட்டில் அத்தான் பெரிய ஆட்டக்காரர் என்று பேச்சாகிவிட்டது.

குற்றாலத்தின் பக்கத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு ஆடி மாதம் தன் வீடு சொந்தமில்லை. அந்த வருடமும் சாரல் தொடங்கியதும் மாமனார் வீட்டு ஆட்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அத்தை, மச்சான், அவர் மனைவி, சித்தப்பா வகையில் நாலைந்து பேர். காலையிலேயே உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, புளியோதரையும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. தலையில் எண்ணெய் வழிய வேனில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. மச்சானுக்கு யோசனை வந்தது. நேராகக் கிளப்புக்கு விட்டார். “அத்தான் ஆடுதத பாப்போம்” என்று எல்லாரும் தோளில் துண்டோடு வேலியோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அவர்கள் வந்து உட்கார்ந்தபோது நான் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. கல்லில் முதல் தோசை மாப்பிள்ளைக்கு. மீனில் நடுத்துண்டு மாப்பிள்ளைக்கு. அப்படிப்பட்ட மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு, அவர்கள் வீட்டுப் பெண்ணிடமே, அவர்கள் கண் முன்னால் தோற்கிறார். அத்தை தன் மகளை வேலிப்பக்கம் கூப்பிட்டார். மெல்லப் பேசுவதாக நினைத்துப் பேசினார்.

“ஏட்டி, என்ன பண்ணுத நீ? இத்தன பேரு பாக்காவ. பாத்து ஆடு.”

“பாத்துதாம்மா ஆடுதேன்.”

“மாப்பிள்ளை மொகத்தப் பாருட்டி.”

“பாத்தேன். எப்பவும் அப்படித்தான் இருக்கும்.”

அவள் திரும்பி வந்து பந்தைப் போட்டாள். அந்த நேரம் பார்த்துச் சாரல் அடித்தது. எங்கள் கோர்ட்டில் கோடுகள் வெறும் சுண்ணாம்புப் பொடி. சாரல் பட்டால் பால் மாதிரிக் கரைந்து செம்மண்ணில் ஓடிவிடும். அதன்பிறகு கோடு இருந்த இடத்தை நினைத்துக்கொண்டு ஆட வேண்டியதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கம். பந்து எங்கே விழுந்தது என்பதில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டைக்கு வேறு எவ்வளவோ இருந்தது.

மச்சான் எழுந்தார். “கோடு அழிஞ்சிட்டுல்லா. நடுவர் இல்லாம எப்படி?” என்று சொல்லிவிட்டு, துருப்பிடித்துக் கிடந்த உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த பந்தை அவள் வலைக்கு அருகில் வைத்தாள். கோர்ட்டின் நடுவே, எல்லாரும் பார்க்கும்படி விழுந்தது.

“அவுட்” என்றார் மச்சான்.

“ஏலே, கண்ணு அவிஞ்சி போச்சா? எங்கன விழுந்துச்சுன்னு பாத்தியா?”

“அவுட்டுன்னா அவுட்டுதான்க்கா. நடுவர எதுத்துப் பேசப்பிடாது.”

நடுவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஒழுக்கம் எனக்குத் திடீரென்று வந்துவிட்டது. கடையில் ஒருத்தன் ஒரு வார்த்தை கூடப் பேசினால் சண்டைக்குப் போகிறவன், அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு சாது மாதிரி நின்றேன். மூன்றுக்கு மூன்று ஆயிற்று. வேலியோரம் கைதட்டினார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு நான் ஒரு பந்தை ஓங்கி அடித்தேன். அது எங்கேயும் தரையைத் தொடாமல் நேராகப் போய்ப் பின்னால் இருக்கிற கம்பிவலையில் மோதியது.

“உள்ள” என்றார் மச்சான்.

எனக்கே பொறுக்கவில்லை. “மச்சான், அது கம்பிவலையில பட்டுச்சு.”

“பட்டு, திரும்பி உள்ளதான விழுந்துச்சு அத்தான்?”

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு செட். அதை இந்த ஆள் புளியோதரை மாதிரி பொட்டலம் கட்டிக் கையில் தரப் பார்க்கிறார். இது எனக்கு வேண்டாம். தோற்றுத் தொலைப்போம், இவருக்குப் புத்தி வரட்டும் என்று முடிவு பண்ணினேன்.

என் சர்வீஸில் வேண்டுமென்றே பந்தை வலையில் போட்டேன். மறுபடியும் வலையிலேயே போட்டேன். இரண்டு தடவை தவறினால் பாயிண்ட் போக வேண்டும்.

“ஈரத்துல கை வழுக்கிட்டு. அத்தான் முதல்லேருந்து போடட்டும்.”

அடுத்த பந்தை வாழைத்தோப்புக்கு அடித்தேன். தோப்புக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“காத்து தூக்கிட்டுப் போயிட்டு. அது செல்லாது” என்றார் மச்சான்.

“மச்சான், நான் தோத்துட்டேன். எறங்குங்க கீழ.”

“நீங்க சும்மா இருங்க அத்தான். உங்களுக்கு ரூல் தெரியல.”

மனைவி மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவளுக்கும் கோபம்தான். இப்போது சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு ஜெயிக்கத் தெரியாது என்பது ஏற்கெனவே தெரியும். தோற்கவும் தெரியாது என்பது அன்று தெரிந்தது.

ஆறுக்கு மூன்று என்று மச்சான் அறிவித்தார். அத்தை தன் தோள் துண்டை எனக்குப் போர்த்தி, இரண்டு முட்டையை உரித்துக் கையில் வைத்தார். நான் முட்டையோடு நிற்கிற போட்டோ அன்று மத்தியானமே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, யாரென்றே தெரியாத பெரியவர் கையைப் பிடித்து, “டென்னிஸ்ல கப்பு வாங்குனீங்களாமே” என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி, “ஆமா மாமா, அதே ஆளுதான்” என்றாள்.

சாரல் முடிந்தது, ஐப்பசி மழையும் முடிந்தது. நான் அதே மாதிரி தோற்றுக்கொண்டிருந்தேன். மார்கழிக் கடைசியில் கோர்ட்டை உருட்டிச் சமப்படுத்திப் புதுச் சுண்ணாம்பு போட்டார்கள். கோடெல்லாம் பல் விளக்கியது போல் இருந்தது. அன்று காலை எப்படியோ நான் ஐந்துக்கு நான்கு என்று முன்னால் இருந்தேன். அந்த கேமிலும் இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் செட் என்னுடையது. இந்த இடம்வரை நான் முன்பும் வந்திருக்கிறேன். வந்து, பயந்து, கெடுத்திருக்கிறேன்.

அவள் வைத்தாள். நான் ஓடினேன். மறுபடி வைத்தாள். மறுபடி ஓடினேன். முட்டி வேண்டாம் என்றது. கடைசியில் ஒரு பந்தை எட்டி அடித்தேன். அது நரம்பில் படாமல் மட்டையின் சட்டத்தில் பட்டு, குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு அவள் தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழுந்தது. வெளியேதான் என்று எனக்குத் தெரியும். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கிவிட்டேன்.

அவள் பின்னால் நடந்து போய்ப் பந்தை எடுத்தாள். பார்த்தாள். வலைக்கு வந்து நீட்டினாள்.

“இந்தாங்க.”

பந்தின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது.

“கோட்டுல விழுந்துச்சு. செட்டு உங்களுக்கு.”

“நெசமாவா? உங்க அம்மா எதுவும் சொன்னாவளா?”

“சுண்ணாம்பு என்ன உங்க மச்சானா, பொய் சொல்ல?”

ஓங்கிய மட்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மெல்ல இறக்கினேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. “இன்னொரு செட்டு போடுவோம்” என்றாள். முட்டி வலிக்கிறது என்றேன். வலித்தது உண்மைதான். பயம் அதைவிடப் பெரிய உண்மை.

அந்தப் பந்தைக் கழுவாமல், துடைக்காமல், கடையில் என் மேஜை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். வயலுக்கு மோட்டார் வாங்க வந்த சுந்தரபாண்டியபுரத்துச் சம்சாரி ஒருவர் முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி அண்ணாச்சி, இந்த மோட்டாருக்கு வாரண்டி உண்டுல்லா?” என்றார். மச்சானுக்குப் போன் பண்ணினேன்.

“மச்சான், உங்க அக்காவ ஒரு செட்டு ஜெயிச்சிட்டேன்.”

“அதான் ஆடியிலேயே ஜெயிச்சிட்டீங்களே அத்தான்.”

“அது வேற. இது நெசம்.”

“அது மட்டும் என்ன பொய்யா? நாந்தான நடுவர்.”

நான் போனை வைத்துவிட்டேன்.

அக்காவுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவருவது மச்சானின் வழக்கம். கரும்புக் கட்டும் வாழைத்தாருமாக வந்தவர், வீட்டுக்குப் போகுமுன் கடையில் இறங்கினார். நான் டீ சொல்லப் போனேன். திரும்பி வருவதற்குள் பந்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார். “என்னத்தான், ஜெயிச்ச பந்துன்னு சொல்லுதீங்க, இப்படி அழுக்கா வச்சிருக்கீங்க” என்று வேட்டி முனையால் நன்றாக அழுத்தித் துடைத்து, ஊதி, என்னிடம் தந்தார். மஞ்சள் பளபளவென்று இருந்தது. சுண்ணாம்பு மருந்துக்குக்கூட இல்லை.

நான் கத்தியதில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லது பண்ணியதற்கு இப்படிக் கத்துகிறாரே என்று பாவமாக நின்றார்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அக்கா, அத்தான் நெசமாவே ஒன்ன ஜெயிச்சாவளா?”

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “ஆமாலே. பந்து கோட்டுல விழுந்துச்சு. நானே பாத்தேன்.”

மச்சான் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் என் முழங்கையை இடித்துக் கண்ணடித்தார்.

“பாத்தீங்களா அத்தான், அக்காவும் நம்ம பக்கம் வந்துட்டா.”

நான் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கல்லிலிருந்து முதல் தோசை என் தட்டில் வந்து விழுந்தது. எட்டி நிற்கிற இடத்திலிருந்தே, தட்டின் நடுவில், சரியாக வைத்திருந்தாள்.