இன்னைக்கும் லீவா?

என் சின்ன மாமா பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர். இரவெல்லாம் வெந்து, காலை ஆறரைக்கு ஒரு சூடான பிரெட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவார். தெருவே அவரை ரொட்டி மாமா என்றுதான் கூப்பிடும். வந்ததும் ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மதியம் இரண்டு வரை தூங்குவார். கல்யாணம் ஆகாத மனிதருக்கு அந்த அறையும் அந்தத் தூக்கமும்தான் சொத்து.

அந்தக் கோடையில் வெளிநாட்டிலிருந்து பெரிய மாமா, மனைவி பிள்ளைகளோடு ஐந்து வாரம் தங்க வந்தார். எங்கள் வீட்டில் ஏசி இருக்கும் ஒரே அறை ரொட்டி மாமாவுடையது. ஏசியும் அவர் வாங்கியது. அம்மா தன் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர்வை இறங்கியது, பூப்போட்ட திரை ஏறியது. ரொட்டி மாமாவின் பாய் ஃபிரிட்ஜ் பக்கத்துக்குப் போனது.

பெரிய மாமாவுக்கு பேக்கரி வேலை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று கேக் விற்பது. வெளிநாடு போன பதினெட்டு வருஷத்தில் ஒரு போனில்கூட அதைப் பற்றி அவர் விசாரித்ததில்லை. வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஐஸ் எடுக்கப் போனவர் தம்பியின் காலில் இடறினார்.

"என்னடா, வேலைக்குப் போகலையா?"

அம்மா முந்திக்கொண்டாள். "லீவுண்ணே. நீங்க வந்திருக்கீங்கல்ல, அதான் போட்டிருக்கான்."

உண்மையைச் சொன்னால் அண்ணன் சங்கடப்பட்டு ஹோட்டலுக்குப் போய்விடுவாராம். அப்புறம் சொந்தபந்தத்தில் அம்மா தலைகாட்ட முடியாதாம். அதற்காகத் தம்பி கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தால் பரவாயில்லை. "நீயும் லீவுன்னே சொல்லு" என்று எனக்கும் உத்தரவு. நானும் வெட்கமில்லாமல் சொன்னேன்.

இரவு ஒன்பது மணிக்கே ஏசி அறைக் கதவு சாத்திக்கொள்ளும். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பெரிய மாமா பார்க்க வழியில்லை. காலையில் மேசையில் இருக்கும் பிரெட்டை மட்டும் நன்றாகப் பார்த்தார். "பரவாயில்லையே, எந்தக் கடை?" என்று கேட்டு நாலு துண்டு சாப்பிடுவார். பிறகு ஃபிரிட்ஜ் கதவு நாற்பது தடவை திறக்கும், மிக்ஸி அலறும், பிள்ளைகள் பாயைத் தாண்டித் தாண்டிக் குதிப்பார்கள்.

இரண்டாம் வாரம் ஒரு தட்டு பிரெட் கருகியது. இன்னொரு தடவை கருகினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"அக்கா, ஒரு நாலு மணி நேரம் தூங்க இடம் குடுக்கா. வேலை போயிடும்."

"இன்னும் மூணு வாரம்தானேடா. பல்லைக் கடிச்சுக்கோ."

மூன்றாம் வாரம் பெரிய மாமா உபதேசத்தில் இறங்கினார். அதையும் பாய்க்கு மேலே நின்றுதான் செய்வார். "இன்னைக்கும் லீவா? அங்கெல்லாம் எழுபது வயசுக்காரங்க ஓடி ஓடி உழைக்கறாங்க. நீ பகல் பதினோரு மணிக்குப் படுத்திருக்க."

"அண்ணே, நான் ராத்திரி..."

"டேய், எந்திரிச்சுக் குளி!" சமையலறையிலிருந்து அம்மா.

ரொட்டி மாமா எழுந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் பயந்து திறக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

நாலாம் வாரம் ஒரு நாள் ஆறரைக்கு வந்தவர் கையில் பிரெட் இல்லை. அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கியிருக்கிறார். ஆறு தட்டும் கரிக்கட்டை. பாயில்கூடப் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பெரிய மாமா மேசையைப் பார்த்தார். "பிரெட் எங்க?" பிறகு தம்பியைப் பார்த்தார். "இன்னைக்கும் லீவா?"

அம்மா வாயெடுக்குமுன் ரொட்டி மாமாவே சொன்னார். "ஆமாண்ணே. இன்னைக்கு நிஜமாவே லீவுதான்."

ஊருக்குக் கிளம்பும்போது பெரிய மாமா பெட்டியிலிருந்து ஒரு அலாரம் கடிகாரத்தை எடுத்துத் தம்பி கையில் வைத்தார். "இனிமேலாவது நேரத்துக்கு எந்திரி. ஒரு வேலையைத் தேடிக்கோ." ரொட்டி மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அறை திரும்பக் கிடைத்தது. ஜன்னலில் போர்வை ஏறவில்லை. விடிய விடிய முழித்தே பழகிய மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஆறரைக்குக் கடிகாரம் அடித்ததும் அணைப்பார்.

போன வாரம் பெரிய மாமா போன் செய்தார். அம்மா பூரித்துப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னது நல்லா உறைச்சிருக்குண்ணே. இப்பல்லாம் அலாரம் அடிச்சா போதும், முழிச்சுக்கறான்."